கல்சியமும் கூட, காலில் இரத்தக்கட்டியும்: ஒப்பரேஷனா, மாத்திரையா, பொறுத்துப் பார்ப்பதா?

இரத்தத்தில் கல்சியம் கூட, அதோடு பி.டி.எச். எனும் பராதைரொயிட் ஓமோனும் கூட என்று ரிப்போர்ட் வந்தால் டொக்டர் மூன்று வழிகளைச் சொல்வார். கழுத்தில் ஒப்பரேஷன் செய்து பெருத்த பராதைரொயிட் சுரப்பியை எடுத்துவிடலாம். எடுக்காமல், காலம் குறித்து வைத்துப் பரிசோதித்துக்கொண்டே போகலாம். அல்லது மாத்திரை குடித்துச் சமாளிக்கலாம். இதே ஆளுக்குக் காலில் இரத்தக்கட்டியும் வந்துவிட்டால் வீட்டில் ஆளுக்கொரு பேச்சு தொடங்கிவிடும். கல்சியம் கூடியதால்தான் இரத்தம் உறைந்தது, சுரப்பியை வெட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்பார் ஒருவர். இந்த நிலையில் கத்தியே வைக்கக்கூடாது என்பார் இன்னொருவர்.

எங்கள் பெரியம்மாவுக்கு இதுதான் நடந்தது. இலங்கை மலையகத்தில் டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இன்னும் கொழுந்தெடுக்கிறவர், வயது 56. காய்ச்சலில் படுத்துக் கிடந்தபின் இடது கால் வீங்கியது. ஸ்கேனில் இரத்தக்கட்டி தெரிந்தது. கூடவே செய்த இரத்தப் பரிசோதனையில் கல்சியம் கூடியிருந்தது. அவர் கேட்ட கேள்வியைத்தான் இந்த நிலைக்கு வரும் எல்லோரும் கேட்பார்கள்: "கழுத்துல உள்ளத எடுத்துட்டா கால்ல கட்டி திரும்ப வராதுதானே தம்பி?"

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரத்தக்கட்டிக்குப் பயந்து மட்டும் இந்த ஒப்பரேஷனுக்குப் போகத் தேவையில்லை. ஆனால் எலும்போ, சிறுநீரகமோ, வயதோ ஒரு காரணம் சொன்னால், நம் மலையகத்து வாழ்க்கைக்கு மற்ற இரண்டு வழிகளையும்விட ஒப்பரேஷனே பொருத்தம். அதையும் அவசரப்படாமல், சரியான மாதத்தில் செய்ய வேண்டும். ஏன் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். தீர்மானத்தை உங்கள் டொக்டரோடு சேர்ந்துதான் எடுக்க வேண்டும். ஆனால் அவர் முன்னால் உட்காரும்போது என்ன கேட்பது என்று தெரிந்து உட்கார வேண்டும் அல்லவா?

முதலில், இது பராதைரொயிட் நோய்தானா?

தைரொயிட் சுரப்பியின் பின்பக்கம், அரிசி மணி அளவில் நான்கு சுரப்பிகள் இருக்கின்றன. அவைதான் பராதைரொயிட். இரத்தத்தில் கல்சியம் குறைந்தால் இவை பி.டி.எச்சை விடும். அது எலும்பிலிருந்து கல்சியத்தை எடுக்கும், சிறுநீரில் போவதைத் தடுக்கும், வைட்டமின் டீயைச் செயற்பட வைத்துக் குடல் அதிகமாக உறிஞ்சும்படி செய்யும். கல்சியம் கூடினால் பி.டி.எச். அடங்க வேண்டும். இரண்டும் ஒன்றாகக் கூடியிருந்தால், அல்லது கல்சியம் கூடியும் பி.டி.எச். அடங்காமல் நடு அளவிலேயே நின்றால், சுரப்பியில்தான் கோளாறு. 100 பேரில் 80 முதல் 85 பேருக்கு நான்கில் ஒன்று மட்டும் பெருத்திருக்கும். அது புற்றுநோய்க் கட்டியாக இருப்பது நூற்றில் ஒருவருக்குக்கூட இல்லை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கே இது அதிகம் வருகிறது.

கல்சியத்தின் இயல்பான அளவு லீற்றருக்கு ஏறக்குறைய 2.1 முதல் 2.6 மில்லிமோல். சில லேப் மில்லிகிராமில் தரும். அப்போது அது டெசிலீற்றருக்கு 8.5 முதல் 10.5 வரை. மில்லிமோலை 4ஆல் பெருக்கினால் மில்லிகிராம் கிடைத்துவிடும். ஒரு ரிப்போர்ட் ஒரு அளவிலும் மற்றது இன்னோர் அளவிலும் இருந்தால், கல்சியம் நான்கு மடங்காகிவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

அல்புமின் என்ற புரதத்தையும் கூடவே பார்க்கச் சொல்லுங்கள். இரத்தக் கல்சியத்தில் பாதிக்குக் கிட்ட அல்புமினோடு ஒட்டிக்கொண்டுதான் ஓடுகிறது. அல்புமின் 40 கிராமுக்குக் கீழே ஒவ்வொரு கிராம் குறைவுக்கும் 0.02 மில்லிமோல் கூட்டிக் கணக்கிட வேண்டும். அல்புமின் 30 உள்ள ஒருவருக்கு ரிப்போர்ட்டில் 2.50 என்று இருந்தால் உண்மையான கணக்கு 2.70. தோட்டத்தில் ஒழுங்காகச் சாப்பாடு இல்லாமல் அல்புமின் குறைந்தவர்கள் கொஞ்சப்பேர் இல்லை. அவர்களுக்குக் கல்சியம் சரி என்று சொல்லி அனுப்பிவிடும் ஆபத்து இருக்கிறது. எதிர்ப்பக்கமும் உண்டு: கையில் பட்டியை இறுக்கிக் கட்டி வெகு நேரம் வைத்து இரத்தம் எடுத்தால் கல்சியம் பொய்யாகக் கூடித் தெரியும். ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம், இன்னொரு தடவை எடுங்கள்.

அப்புறம் வெற்றிலை. நம் பெண்கள் பலர் நாள் முழுக்க மெல்கிறார்கள். வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பு கல்சியச் சேர்மம்தான். நிறையச் சுண்ணாம்பு உள்ளே போய் இரத்தக் கல்சியம் ஏறி, சிறுநீரகமும் கெட்டவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. அவர்களுக்குப் பி.டி.எச். குறைந்திருக்கும், சுரப்பியில் பிழை இருக்காது. புற்றுநோயால் கல்சியம் ஏறினாலும் பெரும்பாலும் பி.டி.எச். குறைந்தே இருக்கும். அதனால் கல்சியத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பி.டி.எச். எடுக்காமல் விடுவது பெரிய தவறு. கல்சியம் கூடியவருக்கு இரத்தக்கட்டியும் வந்திருக்கும்போது இது இன்னும் முக்கியம், ஏனென்றால் புற்றுநோயே இரத்தக்கட்டியை வரவழைக்கும்.

பிரஷருக்குக் கொடுக்கும் தயசைட் வகை மாத்திரை, மனநோய்க்குக் கொடுக்கும் லித்தியம் இரண்டும் கல்சியத்தை ஏற்றும். தினமும் குடிக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

இன்னொரு குழப்பம்: பி.டி.எச். மட்டும் கூடி, கல்சியம் சரியாகவே இருப்பது. இது பெரும்பாலும் வைட்டமின் டீ குறைவால், அல்லது சிறுநீரகம் பழுதானதால் வருவது. பனியும் மழையும் மூடிய ஊரில் கம்பளிச் சட்டையும் தலைத்துண்டுமாக வாழ்பவர்களுக்கு வைட்டமின் டீ குறைவது அதிசயம் இல்லை. அதற்கு மருந்து வைட்டமின் டீ, கத்தி கிடையாது.

ஒப்பரேஷன் பேச்சு எழுந்தால், 24 மணி நேரச் சிறுநீர்ப் பரிசோதனை இல்லாமல் ஒத்துக்கொள்ள வேண்டாம். குடும்பவழியாக வரும் ஒரு நிலை இருக்கிறது. அதில் கல்சியம் கொஞ்சம் கூடியே இருக்கும், சிறுநீரில் கல்சியம் மிகக் குறைவாகப் போகும், பெரும்பாலும் எந்தக் கெடுதலும் செய்யாது. அவர்களுக்கு ஒப்பரேஷன் செய்தால் வீண். இந்தப் பரிசோதனை கேட்க இலேசு, லயத்தில் செய்யக் கஷ்டம். காலையில் எழுந்து போகும் முதற்சிறுநீரைக் கொட்டிவிட வேண்டும். அதற்குப் பிறகு போவதையெல்லாம், மறுநாள் காலை முதற்சிறுநீர் வரை, லேப் கொடுக்கும் கேனில் சேர்க்க வேண்டும். ஒரு தடவை விட்டுப்போனாலும் கணக்குப் பிழைத்துவிடும். மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது. பெரியம்மா வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமையில்தான் செய்தார். நேராகக் கேனில் போகாமல் ஒரு பழைய ஜக்கில் பிடித்து ஊற்றினார். சில லேப் கேனுக்குள் கொஞ்சம் அமிலம் விட்டுத் தருவார்கள், அதனால் ஜக்கில் பிடிப்பதே பாதுகாப்பு. கேனில் என்ன இருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி, எட்டாத இடத்தில் வையுங்கள்.

கல்சியம் கூடினால் இரத்தம் உறையுமா?

இரத்தம் உறைவதற்குக் கல்சியம் வேண்டும் என்பது உண்மை. உறைதற் காரணிகளுக்கு எண் கொடுத்தபோது நான்காவது என்று குறித்தது கல்சியத்தைத்தான். லேபில் ஊதா மூடிக் குழாயில் இரத்தம் உறையாமல் இருப்பதும் இதனால்தான். உள்ளே இருக்கும் ஈ.டி.டி.ஏ. என்ற பொருள் கல்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. இரத்த வங்கிப் பைகளில் சிற்றேற்று என்ற உப்பு அதே வேலையைச் செய்கிறது. இதைக் கேட்டவுடன், கல்சியம் இல்லாவிட்டால் உறையாது, அப்படியானால் கூடினால் அதிகம் உறையும் என்று மனம் கணக்குப் போடும். அந்தக் கணக்கு சரியில்லை. உறைவதற்குத் தேவையான கல்சியம் சாதாரண ஆளின் இரத்தத்திலேயே தாராளமாக இருக்கிறது. 2.4 இலிருந்து 2.7க்குப் போனதால் மட்டும் நாளத்தில் கட்டி விழுந்துவிடாது.

தொடர்பு இருப்பது சுற்றுவழியில். கல்சியம் கூடினால் சிறுநீரகத்தால் நீரைப் பிடித்துவைக்க முடியாமல் போகும். அடிக்கடி சிறுநீர் போகும், தாகம் எடுக்கும், உடலில் நீர் வற்றும். சோர்வும் எலும்பு வலியும் ஆளை ஒரே இடத்தில் படுக்க வைக்கும். இரத்தம் தேங்குவது, நாளத்தின் உட்சுவர் காயப்படுவது, இரத்தம் உறையும் தன்மை கூடுவது ஆகிய மூன்றும் கட்டிக்குக் காரணம் என்பது ஜெர்மனியின் ருடால்ப் விர்ச்சோவின் பெயரால் 19ஆம் நூற்றாண்டிலிருந்து வரும் பாடம். நீர் வற்றிப் படுத்துக் கிடப்பவரிடம் இவற்றில் குறைந்தது இரண்டு சேர்ந்துவிடும். பராதைரொயிட் நோயாளிகளிடம் உறைதற் காரணிகள் சில உயர்ந்திருந்ததாகச் சிறிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கல்சியம் மிக உயர்ந்து இரத்தக்கட்டி வந்த தனித்தனி நோயாளிகளைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் பராதைரொயிட் நோய்க்கென 2022இல் வெளியான சர்வதேச வழிகாட்டல், யாருக்கு ஒப்பரேஷன் என்று வரிசைப்படுத்தும்போது இரத்தக்கட்டியை அதில் சேர்க்கவில்லை.

ஆகவே பெரியம்மாவின் கேள்விக்கு நான் சொன்ன பதில்: "அப்படிச் சொல்ல ஏலாது பெரியம்மா. காய்ச்சல்ல தண்ணி வெண்ணி குடிக்காமப் படுத்துக் கெடந்ததுதான் பெரிய காரணம். கல்சியம் அதுக்குக் கை கொடுத்திருக்கலாம். சுரப்பிய எடுத்தாலும் அடுத்த தடவை படுக்கையில விழுந்தா கவனமாத்தான் இருக்கணும்."

தண்ணீர் விஷயத்தை இலேசாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. கொழுந்து மலையில் பெண்கள் தண்ணீர் குடிப்பதில்லை. குளிர் ஒரு காரணம், அது சின்னக் காரணம். மலையில் மலசலகூடம் இல்லை என்பதுதான் பெரிய காரணம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போனதிலிருந்து மாலை கொழுந்து நிறுக்கும்வரை ஒரு பிளேன்டியோடு நாளை ஓட்டிவிடுகிறார்கள். கல்சியம் கூடியவருக்கு டொக்டர் சொல்வது ஒரு நாளைக்கு 2 லீற்றருக்குக் குறையாத தண்ணீர். மலையில் ஒதுங்க ஓர் இடம் கட்டிக் கொடுக்காமல் அந்த அறிவுரையைச் சொல்வதில் பயனில்லை. இது தோட்ட நிர்வாகங்கள் செய்ய வேண்டிய வேலை, நோயாளியின் தலையில் போடக்கூடாது. அதுவரைக்கும், காலையில் வீட்டை விட்டுக் கிளம்புமுன் இரண்டு டம்ளர், மாலை வந்ததும் நிறைய, போத்தலில் சுடுதண்ணீர் என்று முடிந்த அளவு சமாளிக்கத்தான் வேண்டும்.

எதை முதலில் பார்ப்பது?

இரத்தக்கட்டியை. இதில் இரண்டு பேச்சு இல்லை. காலில் உள்ள கட்டி பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. திடீரென மூச்சு வாங்குதல், நெஞ்சு குத்துதல், இருமலில் இரத்தம் என்று ஏதாவது வந்தால் 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். வீங்கின காலை எண்ணெய் போட்டு உருவிவிடக் கூடாது. சுளுக்கு என்று நினைத்து உருவுவது நம் லயங்களில் சாதாரணம், கட்டி உள்ள காலில் அது விபரீதம்.

இரத்தம் உறையாமலிருக்கும் மருந்து குறைந்தது மூன்று மாதம். வோபரினா, ரிவரொக்ஸபான் போன்ற புதுமருந்தா என்று இங்கே ஒரு சின்னத் தெரிவு வரும். வோபரின் மலிவு, அரசாங்க ஆஸ்பத்திரியில் கிடைக்கும். ஆனால் இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைப் பார்க்கும் ஐ.என்.ஆர். என்ற பரிசோதனைக்கு ஆரம்பத்தில் அடிக்கடி போக வேண்டும், அளவு 2க்கும் 3க்கும் இடையில் நிற்க வேண்டும். கீரையைக் கூட்டிக் குறைத்தால் அந்த அளவும் ஆடும். கிளினிக் போகிற ஒவ்வொரு நாளும் தோட்டத்தில் வேலைக்குப் பேர் விழாது, சம்பளம் போய்விடும். புதுமருந்துக்கு அந்த அலைச்சல் இல்லை, வெளியில் வாங்கினால் விலை அதிகம், சிறுநீரகம் பழுதாக இருந்தால் யோசித்தே கொடுப்பார்கள். கல்சியம் கூடியவருக்குச் சிறுநீரகம் முதலில் பார்க்க வேண்டிய ஒன்று என்பதால் அந்தப் பரிசோதனை முடியாமல் மருந்தை மாற்றிக் கேட்காதீர்கள். எதைக் குடித்தாலும் மழை நாளில் அட்டைக்கடி கவனம். சாதாரண ஆளுக்கே அட்டை கடித்த இடத்தில் இரத்தம் நிற்க நேரமெடுக்கும், இந்த மருந்து குடிப்பவருக்கு இன்னும் நேரமாகும். துணியால் அழுத்திப் பிடித்து உட்கார வேண்டும். முடிந்தால் அந்த மாதங்களில் ஈர மலையை விட்டு வேறு வேலை கேட்டு வாங்குவது நல்லது.

இந்த மூன்று மாதத்துக்குள், கட்டாயம் இல்லாவிட்டால், கழுத்து ஒப்பரேஷனுக்குப் போகக் கூடாது. மருந்தை நிறுத்தினால் புதுக் கட்டி வரும் ஆபத்து கட்டி வந்த முதல் மாதங்களிலேயே அதிகம். நிறுத்தாமல் வெட்டினால் கழுத்துக்குள் இரத்தம் கசிந்து மூச்சுக்குழாயை அமுக்கிவிடலாம். பெரும்பாலானோருக்குப் பராதைரொயிட் அவசரப்படுத்தும் நோய் அல்ல, மூன்று மாதம் காத்திருக்கும். விதிவிலக்கு ஒன்று: கல்சியம் 3.5 மில்லிமோலைத் தாண்டி, வாந்தி, மயக்கம், தடுமாற்றம் என்று வந்தால் அன்றைக்கே வாட்டில் சேர்த்துச் சேலைன் ஏற்ற வேண்டிய அவசரம் அது. அங்கே எது முதலில் என்பதை டொக்டர்மார்தான் தீர்மானிப்பார்கள்.

மூன்று வழிகளும்

ஒப்பரேஷனைப் பற்றி முதலில். 1925இல் வியன்னாவில் பீலிக்ஸ் மாண்டில் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் எலும்பெல்லாம் நொறுங்கிப்போன ஒரு டிராம் வண்டித் தொழிலாளிக்கு முதன்முதல் பராதைரொயிட் கட்டியை எடுத்தார். நூறு வருடமாகச் செய்துவருகிற ஒப்பரேஷன் இது. இப்போது எந்தச் சுரப்பி பெருத்திருக்கிறது என்று ஸ்கேனில் முன்கூட்டியே தெரிந்தால் கழுத்தில் சின்னதாக வெட்டி அதை மட்டும் எடுத்துவிடலாம். பழகின கையாக இருந்தால் 100 பேரில் 95 பேருக்கு மேல் குணமாகிவிடுகிறது. "பழகின கை" என்பதுதான் இதில் உயிர். வருடத்தில் ஒன்றிரண்டு செய்கிறவரிடம் போவதைவிட அடிக்கடி செய்கிறவரிடம் கண்டிக்கோ கொழும்புக்கோ போவது மேல். டிக்கோயாவில் இந்திய உதவியோடு கட்டி 2017இல் திறந்த 150 கட்டில் ஆஸ்பத்திரி நமக்குப் பெரிய ஆறுதல்தான். ஆனால் இந்த நோய்க்கு அகச்சுரப்பி நிபுணரும் கழுத்துச் சத்திரசிகிச்சை நிபுணரும் ஒன்றாக இருக்கும் பெரிய வைத்தியசாலைக்கு ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆபத்து என்ன? குரல் நரம்பில் பட்டால் குரல் கரகரக்கும், நிரந்தரமாக அப்படியாவது நூற்றில் ஒருவர் அளவில்தான். அதைவிட நம் ஆட்கள் தயாராக இருக்க வேண்டியது வேறொன்றுக்கு: ஒப்பரேஷனுக்குப் பிந்திய நாட்களில் கல்சியம் கீழே விழுவது. இத்தனை காலம் எலும்பிலிருந்து போனதை எலும்பு திரும்ப இழுத்துக்கொள்ளும். உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் எறும்பு ஊர்வதுபோல் விறுவிறுக்கும், கை இழுத்துக்கொள்ளும். கல்சியம் மாத்திரை குடித்தால் அடங்கும், கடுமையானால் ஊசி தேவைப்படும். ரோட்டிலிருந்து மேல் டிவிஷன் லயத்துக்குப் போகவே ஒரு மணித்தியாலம் நடக்கிற இடத்தில், இராத்திரி கை இழுத்தால் என்ன செய்வது? அதனால் ஆஸ்பத்திரியில் டிக்கெட் வெட்டி அனுப்பியவுடன் வீட்டுக்கு ஓடாமல், முதல் ஒரு வாரம் ஆஸ்பத்திரிக்குக் கிட்ட சொந்தக்காரர் வீட்டில் தங்குவது நல்லது. தலையில் கயிறு போட்டுக் கூடை தூக்குகிறவர்கள் எப்போது திரும்பத் தூக்கலாம் என்பதையும் கேட்டு, தோட்டத்துக்குக் காட்டக் கடிதமாகவே எழுதி வாங்க வேண்டும். சும்மா வாயால் சொன்னால் கணக்கப்பிள்ளையிடம் எடுபடாது.

பொறுத்துப் பார்ப்பது காகிதத்தில் மிக நல்ல வழி. கத்தி இல்லை, செலவு குறைவு. வருடத்துக்கு ஒருமுறை கல்சியமும் சிறுநீரகப் பரிசோதனையும், ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை எலும்பு அடர்த்தி ஸ்கேன். பலருக்கு வருடக்கணக்கில் எதுவும் மாறாது. நியூயோர்க்கில் 15 வருடம் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வில், அறிகுறி இல்லாமல் ஒப்பரேஷன் செய்யாமலிருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலானோருக்கு நோய் முன்னேறியது. மீதிப்பேர் அப்படியே இருந்தார்கள். இதை வைத்துப் பார்த்தால் பொறுத்திருப்பதில் பிழையில்லை. ஆனால் அங்கே பொறுத்திருந்தவர்களை ஆய்வுக்காரர்கள் தொடர்ந்து பரிசோதித்து வந்தார்கள். இங்கே ஒரு கிளினிக்கைத் தவறவிட்டால் யாரும் தேடி வருவதில்லை. ஹட்டனிலிருந்து கண்டிக்குப் பஸ்ஸில் போய்வர ஒரு நாள் முழுக்கப் போகும். மழைக்காலத்தில் ரோட்டில் மண் சரிந்தால் அந்தத் திகதி போய்விடும், அடுத்த திகதி மாதங்கள் தள்ளி. மகளோ மருமகளோ கூடப் போக வேண்டும், அவர்களுக்கும் சம்பளம் இல்லை. இரண்டு வருடத்தில் பொறுத்துப் பார்ப்பது பார்க்காமலே விடுவதாக மாறிவிடுவதை நான் கண்டிருக்கிறேன். ஆகவே இந்த வழியைத் தெரிகிறவர், யார் கூட்டிப்போவது, செலவு யாருடையது என்று வீட்டில் பேசி முடித்துவிட்டுத் தெரிய வேண்டும்.

இந்த வழியில் போகிறவர்கள் பாலையும் நெத்தலியையும் கீரையையும் நிறுத்த வேண்டாம். சாப்பாட்டில் கல்சியத்தைக் குறைத்தால் பி.டி.எச். இன்னும் ஏறி எலும்பைத்தான் தின்னும். பாமசியில் தானாக வாங்கிக் குடிக்கும் கல்சியம் மாத்திரை வேறு விஷயம், அதை டொக்டரிடம் கேட்காமல் தொடக் கூடாது. சுண்ணாம்பையும் நிறுத்திவிடுவது உத்தமம்.

மாத்திரை வழியைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் கல்சியத்தை இறக்குவது, எலும்பைக் காப்பது என்ற இரண்டு வேலையையும் ஒரே மாத்திரை செய்வதில்லை. சினகல்செட் கல்சியத்தை இறக்கும், எலும்பைக் கெட்டியாக்காது, குமட்டும், நாள்தோறும் குடிக்க வேண்டும், நிறுத்தினால் கல்சியம் திரும்ப ஏறும். வாரம் ஒன்று குடிக்கும் அலன்ட்ரோனேற் எலும்பைக் காக்கும், கல்சியத்தை இறக்கிவைக்காது. அதை வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமலும் எதுவும் சாப்பிடாமலும் இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கொரு தடவை போடும் டெனோசுமாப் ஊசி எலும்புக்கு நல்லது, ஆனால் ஓர் ஊசியைத் தவறவிட்டால் முதுகெலும்பு முறியும் ஆபத்து கூடும். கிளினிக் திகதி தவறும் ஊரில் அதை நான் விரும்பமாட்டேன்.

இரத்தக்கட்டி வந்தவர்கள் இங்கே ஒரு விஷயத்தில் கண்ணாக இருக்க வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்புக்காக ஈஸ்ட்ரஜன் அல்லது ரலொக்சிபீன் கொடுப்பதுண்டு. இரண்டும் இரத்தக்கட்டியை வரவழைக்கக்கூடியவை. எலும்பு மாத்திரை என்று யாராவது எழுதிக் கொடுத்தால், "எனக்குக் காலில் கட்டி வந்தது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். குடும்பக்கட்டுப்பாட்டு மாத்திரை குடிக்கும் இளம் பெண்களும் சொல்ல வேண்டும், ஈஸ்ட்ரஜன் கலந்ததென்றால் மாற்ற வேண்டிவரும்.

எதை எடுப்பது?

அந்த 2022 வழிகாட்டல் ஒப்பரேஷனைப் பரிந்துரைப்பது இவர்களுக்கு: கல்சியம் மேல் எல்லையைவிட 0.25 மில்லிமோலுக்கு மேல் கூடியவர்கள், 50 வயதுக்குக் குறைந்தவர்கள், எலும்பு அடர்த்தி ஸ்கேன் தரும் டி-ஸ்கோர் என்ற எண் கழித்தல் 2.5 அல்லது அதற்கும் கீழே போனவர்கள், முதுகெலும்பு நசுங்கியவர்கள், சிறுநீரகக் கல் உள்ளவர்கள், சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் ஈ.ஜி.எஃப்.ஆர். 60க்குக் கீழே விழுந்தவர்கள், 24 மணி நேரச் சிறுநீரில் பெண்களுக்கு 250, ஆண்களுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் போகிறவர்கள். இதில் ஒன்று இருந்தாலும் நான் ஒப்பரேஷன் பக்கம்தான் நிற்பேன். ஒருமுறை போய்வந்தால் பெரும்பாலானோருக்கு முடிந்துவிடும் வழி, வாழ்நாள் முழுக்கக் கிளினிக்குக்கு ஓட முடியாத மக்களுக்கு நியாயமான வழி.

இந்தப் பட்டியலில் சேர்வதா இல்லையா என்று தெரியாமலே பலர் "எனக்கு ஒன்றும் இல்லை" என்று இருந்துவிடுகிறார்கள். முதுகு எக்ஸ்ரேயும் வயிற்று ஸ்கேனும் கிட்டடியிலேயே எடுக்கலாம். எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுக்கத் தூரம் போகத்தான் வேண்டும், போனால் மணிக்கட்டுக்கு மேலே முன்கை எலும்பையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். இந்த நோய் அந்த இடத்தைத்தான் முதலில் அரிக்கும், இடுப்பும் முதுகும் மட்டும் எடுத்தால் அது கண்ணில் படாமல் போய்விடும். பெரியம்மாவின் கல்சியம் 2.72தான், எல்லையிலிருந்து அதிக தூரமில்லை. அந்தக் கணக்குப்படி பொறுத்துப் பார்க்கலாம். முன்கையில் கழித்தல் 2.8 வந்ததும் தீர்மானம் மாறியது. நாள் முழுக்கத் தலையில் பாரம் இழுக்கும் ஆளுக்கு எலும்பை இதற்குமேல் இழக்கக் கையில் ஒன்றும் இல்லை. மூன்று மாதம் கட்டிக்கு மருந்து, அதற்குப் பிறகு, மழை குறைந்த மாசி மாதத்தில் கண்டியில் ஒப்பரேஷன் என்று பேசி முடித்தோம்.

பட்டியலில் எதுவும் இல்லாத 70 வயதுக்காரர், மகன் பக்கத்தில் இருக்கிறார், கிளினிக்குக்கு ஒழுங்காகப் போகிறார் என்றால் நான் பொறுத்துப் பார்க்கவே சொல்வேன். இதயம் பலவீனமாகி மயக்க மருந்து தாங்காதவருக்கு மாத்திரை. இந்த இரண்டு வழியில் எதில் போனாலும், டொக்டர் அறையை விட்டு வெளியே வருமுன் அடுத்த கல்சியப் பரிசோதனை எந்த மாதம், எலும்பு ஸ்கேன் எந்த வருடம் என்று கிளினிக் கொப்பியில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நீண்ட பஸ் பயணத்திலும் காய்ச்சலில் படுக்கும்போதும் இரத்தக்கட்டிக்கு என்ன முன்கவனம் என்பதையும் அதே பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.